புள்ளிக்குப் பின்னால் மூன்று எழுத்து

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் இல்லாமல் மேடையில் விட்டுப்போன இரண்டொரு விஷயங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "டெக்னிக்கலா ஏதாவது பேசு. ஆனா எல்லாருக்கும் புரியணும். அரை மணிக்கு மேல போகக்கூடாது" என்றார். நான் மெக்கானிக்கல், 2010 பேட்ச். வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் வால்வைப் பற்றிப் பேசினால் பின்வரிசை முழுக்கக் கேன்டீனுக்குப் போய்விடும். ஆகவே கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் மன்னிக்கவும். நான் பேசப்போவது ஃபைல் பெயரின் கடைசியில், புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த மூன்று நான்கு எழுத்துகளைப் பற்றி. எக்ஸ்டென்ஷன் என்கிறோமே, அது. இதைப் போய் ஒருத்தன் மேடையில் பேசுவானா என்று தோன்றும். பேசுவதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் லேபுக்குள் போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். வாசலில் கோயில் மாதிரி செருப்புக் குவியல் இருக்கும். உள்ளே ஏ.சி. வெயில் காலத்தில் சந்தேகம் கேட்கிற சாக்கில் லேபிலேயே உட்கார்ந்திருப்போம். அந்த லேபில் ஒரு வைரஸ் குடியிருந்தது. 2007, 2008-ல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பென் டிரைவைச் சொருகினால் 'நியூ ஃபோல்டர்' என்று மஞ்சள் நிறத்தில் ஒரு ஃபோல்டர் இருக்கும். நாம் உண்டாக்கியதுதானோ என்று டபுள் கிளிக் செய்வோம். அது ஃபோல்டரே இல்லை. நியூ ஃபோல்டர்.இஎக்ஸ்இ என்ற புரோகிராம், ஃபோல்டரின் படத்தை ஐகானாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கிளிக் செய்த நிமிடமே அந்த மெஷினுக்குள் போய்விடும். அடுத்து யார் பென் டிரைவ் சொருகினாலும் அதிலும் ஏறிவிடும். ஒருத்தர் ரெகார்டு நோட்டை இன்னொருத்தர் பார்த்து எழுதுவதைவிட வேகமாக அது பரவியது.

எங்கள் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் மட்டும் ஏமாறவே மாட்டார். அவருடைய மெஷினில் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி வைத்திருந்தார். எங்கள் மெஷின்களில் விண்டோஸ் அதை மறைத்து வைத்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அவர் கண்ணுக்கு 'இஎக்ஸ்இ' தெரிந்தது, எங்கள் கண்ணுக்கு மஞ்சள் ஃபோல்டர் தெரிந்தது.

இன்னொரு கதை என்னுடையது. 2010 ஏப்ரலில் புராஜெக்ட் வைவா. ஹாஸ்டல் அறையில் ஆறு பேர் பங்கு போட்டு வாங்கிய கம்ப்யூட்டரில் பிரசென்டேஷன் தயார் செய்து, டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானைப் பென் டிரைவுக்குக் காப்பி செய்து, அதே கம்ப்யூட்டரில் திறந்தும் பார்த்துவிட்டுப் போனேன். வைவா அறையில் எக்ஸ்டர்னல் எதிரில் டபுள் கிளிக் செய்தால் திறக்கவில்லை. நான் காப்பி செய்தது ஃபைலை இல்லை, ஷார்ட்கட்டை. அளவு 2 கே.பி.கூட இல்லை. அது டாட் எல்என்கே என்ற வகை. 'உண்மையான ஃபைல் இன்ன இடத்தில் இருக்கிறது' என்று எழுதி வைத்த துண்டுச் சீட்டு மாதிரி. ஹாஸ்டல் மெஷினில் அந்த இடத்தில் ஃபைல் இருந்தது, அதனால் திறந்தது. இந்த எல்என்கே வகையை, எக்ஸ்டென்ஷனைக் காட்டு என்று நாம் சொன்னால்கூட விண்டோஸ் காட்டாது. மூலையில் சின்ன அம்புக்குறி மட்டும்தான் அடையாளம். கைடு சார் என் பக்கம் திரும்பி, "ஓடு" என்றார். ஓடினேன். ஹாஸ்டலுக்குப் போய் வர இருபது நிமிடம். எக்ஸ்டர்னல் அதற்குள் ஒரு காபி சாப்பிட்டுக் காத்திருந்தார். அவர் நல்ல மனிதர்.

சரி, இந்த மூன்றெழுத்து என்னதான் செய்கிறது? தமிழ் ஐயா நடத்திய பகுபதம் நினைவிருக்கிறதா? 'வந்தான்' என்ற சொல்லில் கடைசியில் வரும் 'ஆன்' விகுதி. வந்தவன் ஆண், ஒருவன் என்பதை அந்த விகுதிதான் சொல்கிறது. ஃபைலுக்கும் விகுதி இருக்கிறது. 'ரிப்போர்ட்.டாக்எக்ஸ்' என்றால் வேர்டில் திற, 'ரிப்போர்ட்.பிடிஎஃப்' என்றால் பிடிஎஃப் வாசிக்கும் புரோகிராமில் திற என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அது. டபுள் கிளிக் செய்ததும் விண்டோஸ் ஃபைலின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. விகுதியைப் பார்க்கிறது, தன்னிடம் இருக்கும் பட்டியலைப் பார்க்கிறது, அந்த விகுதிக்கு எந்தப் புரோகிராம் என்று எழுதியிருக்கிறதோ அதனிடம் ஃபைலைக் கொடுத்துவிடுகிறது.

ஒரு நுணுக்கம். 'வந்தான்' என்பதை 'வந்தாள்' என்று திருத்தி எழுதிவிட்டால் வந்த ஆள் மாறிவிடுவாரா? மாற மாட்டார். ஃபைலின் விகுதியை ரீநேம் செய்தாலும் உள்ளே இருப்பது மாறாது. ஐபோனில் எடுத்த படம் 2017-க்குப் பிறகு ஹெச்இஐசி என்ற வகையில் சேமிக்கப்படுகிறது. 2020 மே மாதம் அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கான ஏ.பி. தேர்வு கொரோனாவால் வீட்டிலிருந்தே நடந்தது. விடைத்தாளைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். ஐபோன் வைத்திருந்த சிலருடைய படத்தை அந்தத் தளம் ஏற்கவில்லை, நேரம் முடிந்துவிட்டது. விகுதியை மட்டும் ஜேபிஜி என்று மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. நம் பிள்ளைகளும் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது இதையேதான் செய்கிறார்கள். பெயரை மாற்றுவது வேறு, வகையை மாற்றுவது வேறு. படத்தை ஒரு புரோகிராமில் திறந்து 'சேவ் ஆஸ்' கொடுத்து ஜேபிஜி என்று தேர்ந்தெடுத்தால்தான் உண்மையில் மாறும். ஐபோன்காரர்கள் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வைத்துவிட்டால் இனி எடுக்கும் படமெல்லாம் ஜேபிஜியாகவே வரும்.

இந்த மூன்றெழுத்துக் கணக்கு பழையது. 1974-ல் கேரி கில்டால் எழுதிய சி.பி.எம். என்ற இயக்க முறையில் (கட்சி இல்லை) பெயருக்கு எட்டு எழுத்து, விகுதிக்கு மூன்று. 1981-ல் வந்த எம்எஸ்-டாஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 1995-ல் விண்டோஸ் 95 நீளப் பெயரை அனுமதித்தது, கூடவே விகுதியை மறைக்கவும் ஆரம்பித்தது. பாமரர்களுக்கு எதற்கு இந்தக் குழப்பம், அழகான ஐகான் போதுமே என்ற நல்ல எண்ணம்தான். விண்டோஸ் 11-லும் அந்த வழக்கம் தொடர்கிறது.

அந்த நல்ல எண்ணத்துக்கு உலகம் கொடுத்த விலை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. தலைப்பு 'ஐ லவ் யூ'. இணைப்பாக 'லவ் லெட்டர் ஃபார் யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று ஒரு ஃபைல். கவனியுங்கள், இரண்டு விகுதி. கடைசியில் இருப்பதுதான் உண்மையான விகுதி. விபிஎஸ் என்றால் விண்டோஸ் ஓட்டக்கூடிய கட்டளைத் தொகுப்பு. ஆனால் விண்டோஸ் கடைசி விகுதியை மறைத்ததால் பார்த்தவர்களுக்கு டிஎக்ஸ்டி, அதாவது வெறும் எழுத்து என்று தெரிந்தது. காதல் கடிதத்தைத் திறந்தால் அது கம்ப்யூட்டரில் இருந்த படங்களை அழித்தெழுதிவிட்டு, முகவரிப் புத்தகத்தில் இருக்கும் எல்லோருக்கும் தன்னையே அனுப்பியது. தெரிந்தவரிடமிருந்து வருகிறதே என்று அவர்களும் திறந்தார்கள். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் மின்னஞ்சலையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. 'தெரிந்தவரிடமிருந்து வருகிறதே' என்பதை நினைவில் வையுங்கள், பிறகு அங்கே திரும்பி வருவேன்.

அப்படியானால் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் வீட்டு அடுக்களையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் உளுந்து இருக்கும், வெளிநாட்டு பிஸ்கட் டப்பாவில் ஊசி நூல் இருக்கும். அம்மா லேபிளைப் பார்ப்பதில்லை, திறந்து பார்க்கிறார். ஃபைலையும் திறந்து பார்க்கலாம். நோட்பேடில் இழுத்துப் போடுங்கள். பெரும்பாலும் குப்பை எழுத்தாகத்தான் வரும், பயப்பட வேண்டாம், சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று எழுத்தைப் பாருங்கள். பிடிஎஃப் என்றால் ஒரு சதவீதக் குறியும் 'பிடிஎஃப்' என்ற ஆங்கில எழுத்துகளும் ஆரம்பத்திலேயே இருக்கும். இஎக்ஸ்இ என்றால் 'எம்', 'இஸட்' என்ற இரண்டு எழுத்து. மைக்ரோசாஃப்டில் அந்த வடிவத்தை அமைத்த மார்க் ஸ்பிகௌஸ்கி என்பவரின் முதலெழுத்துகள் அவை. ஸிப் ஃபைல் 'பி', 'கே' என்று ஆரம்பிக்கும், அதை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள்.

டாக்எக்ஸ் ஃபைலை நோட்பேடில் போட்டுப் பாருங்கள். அதுவும் 'பி', 'கே' என்றுதான் ஆரம்பிக்கும். 2007 ஆஃபீஸிலிருந்து வரும் டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ், பிபிடிஎக்ஸ் மூன்றும் உண்மையில் ஸிப் மூட்டைகள்தான். மலர்க் குழுவில் இருக்கும் அண்ணன்களுக்கு இது உபயோகப்படும். கட்டுரை அனுப்பச் சொன்னால் எல்லோரும் புகைப்படத்தை வேர்டுக்குள்ளேயே ஒட்டி அனுப்புகிறோம். அந்த ஃபைலை இன்னொரு காப்பி எடுத்து, விகுதியை ஸிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே 'வேர்டு' என்ற ஃபோல்டரில் 'மீடியா' என்ற ஃபோல்டர், அதில் படங்கள் தனித்தனியாக இருக்கும். விகுதியை மாற்றினால் எதுவும் மாறாது என்று இப்போதுதானே சொன்னாய் என்பீர்கள். உள்ளே ஒன்றும் மாறவில்லை. ஃபைல் முன்பும் ஸிப்தான், இப்போதும் ஸிப்தான். திறக்கும் புரோகிராம்தான் மாறியிருக்கிறது.

என் தொழிலிலும் இது தினப்படி தேவை. ஆட்டோகேட் படம் டிடபிள்யூஜி. சப்ளையர் பட்டறையிலிருந்து, "சார், டிராயிங் ஓப்பன் ஆகலை" என்று போன் வரும். டிடபிள்யூஜி-யின் முதல் ஆறு எழுத்தில் எந்தக் காலத்து வடிவம் என்று எழுதியிருக்கும். ஏசி1015 என்றால் ஆட்டோகேட் 2000 வடிவம், ஏசி1032 என்றால் 2018. நாங்கள் 2018 வடிவத்தில் அனுப்பியிருப்போம், அவரிடம் பழைய ஆட்டோகேட் இருக்கும். விகுதி ஒன்றுதான், ஆனால் திறக்காது. பழைய வடிவத்தில் சேவ் செய்து அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் மெஷின் ஓட ஆரம்பிக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நாள் முழுக்க மெஷினை நிறுத்தி வைத்த அனுபவம் எனக்கு உண்டு. பிஆர்டி என்ற விகுதியை இரண்டு வேறு வேறு டிசைன் மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன, என்எக்ஸும் கிரியோவும். கிரியோ இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு சேவுக்கும் பெயரின் கடைசியில் 1, 2, 3 என்று எண் போடும். விண்டோஸ் பாவம், அந்த எண்ணையே விகுதி என்று நினைத்துக்கொண்டு முழிக்கும். இரண்டு மென்பொருளும் இருக்கும் மெஷினில் புதிதாகச் சேர்ந்த பையன் டபுள் கிளிக் செய்துவிட்டு, "அண்ணா, ஃபைல் கரப்ட்" என்பான். ஃபைல் நன்றாகத்தான் இருக்கும். கொடுத்த கை தப்பு.

இங்கேதான் டிஃபால்ட் ஆப் விஷயம் வருகிறது. விகுதிக்கு எந்தப் புரோகிராம் என்ற பட்டியலை யார் எழுதுகிறார்கள்? நாம் எழுதலாம். ஆனால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் விற்றவரோ விண்டோஸோ எழுதியதை வைத்துக் காலம் தள்ளுகிறோம். உதாரணத்துக்கு, விண்டோஸ் 10, 11-ல் நாம் ஒன்றும் செய்யாவிட்டால் பிடிஎஃப் எல்லாம் எட்ஜ் என்ற உலாவியில் திறக்கும். சும்மா படிக்க அது போதும். ஆனால் ஈ-ஆதார் மாதிரி மின்கையெழுத்து உள்ள பிடிஎஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கையெழுத்து உண்மையா என்று சரிபார்க்கும் வசதி பல உலாவிகளில் இல்லை. அக்ரோபாட் ரீடரில் திறந்து சரிபார்க்க வேண்டும்.

சிஎஸ்வி ஃபைலுக்கு இதைவிட வேதனை. சிஎஸ்வி என்பது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்து. எக்ஸெல் இருக்கும் மெஷினில் அது எக்ஸெலில் திறக்கும். எக்ஸெல் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்காது, திருத்தும். இரண்டு வருடம் முன்னால் நம் சங்கத்து உறுப்பினர் பட்டியலில் என் பேட்ச் பகுதியைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. 91 சேர்த்து 12 இலக்கமாகப் போன் நம்பர். சிஎஸ்வி-யை டபுள் கிளிக் செய்து, இரண்டு முகவரியைத் திருத்தி, சேவ் கொடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் செயலாளர் கூப்பிட்டு, "ஏம்ப்பா, உங்க பேட்ச்ல எல்லாருக்கும் ஒரே நம்பரா?" என்றார். 12 இலக்க எண்ணை எக்ஸெல் 9.19இ+11 என்று சுருக்கிக் காட்டும். சிஎஸ்வி-யாகச் சேவ் செய்தால், காட்டியதையே ஃபைலில் எழுதிவிடும். பழைய நம்பர் போயே போய்விட்டது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண் என்றால் கடைசி இலக்கத்தைச் சைபர் ஆக்கிவிடும், ஏனென்றால் எக்ஸெலுக்கு 15 இலக்கம் வரைதான் துல்லியம்.

நம் சங்கத்துக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை இது. மனித ஜீன்களில் மார்ச்1, செப்ட்1 என்று சிலவற்றுக்குப் பெயர் இருந்தது. எக்ஸெல் அவற்றைத் தேதி என்று நினைத்து மார்ச் முதல் தேதி, செப்டம்பர் முதல் தேதி என்று மாற்றிக்கொண்டே இருந்தது. விஞ்ஞானிகள் அலுத்துப்போய் 2020-ல் ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அதே 2020-ல் இங்கிலாந்தில் நடந்தது விளையாட்டில்லை. கொரோனா பரிசோதனை முடிவுகள் சிஎஸ்வி-யாக வந்தன. அவற்றைப் பழைய எக்ஸ்எல்எஸ் வகை ஷீட்டில் ஏற்றினார்கள். எக்ஸ்எல்எஸ்-ல் 65,536 வரிசைதான் கொள்ளும். புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ்-ல் பத்து லட்சத்துக்கு மேல். நிரம்பியதற்கு மேல் வந்ததெல்லாம் விடுபட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேருக்குத் தொற்று என்ற தகவல் கணக்கில் சேராமல் போனது. அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போவதும் தாமதமானது. விகுதியில் ஒரு எழுத்து வித்தியாசம்.

அதற்குப் பிறகு என் மெஷினில் சிஎஸ்வி-க்கு டிஃபால்ட்டாக நோட்பேடை வைத்துவிட்டேன். அது பார்க்க மட்டும் செய்யும், தானாகத் திருத்தாது. எக்ஸெலில் வேண்டும் என்றால் எக்ஸெலைத் திறந்து, 'டேட்டா' பட்டையில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாக உள்ளே கொண்டுவந்து, நம்பர் இருக்கும் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிட வேண்டும். அதே மாதிரி ஜேஎஸ், விபிஎஸ் என்ற விகுதிகளுக்கும் நோட்பேடையே டிஃபால்ட் ஆக்கியிருக்கிறேன். என்னைப் போல அவற்றை வேலைக்குப் பயன்படுத்தாதவர்களுக்கு அது நல்லது. யாராவது காதல் கடிதம் அனுப்பினாலும் அது ஓடாது, எழுத்தாகத் திறக்கும்.

மாற்றுவது சுலபம். விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10 என்றால் 'வியூ' பட்டையிலேயே அந்தக் கட்டம் இருக்கும். டிஃபால்ட் மாற்ற, ஃபைலின் மேல் ரைட் கிளிக், 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் ஆப்', வேண்டிய புரோகிராம், 'ஆல்வேஸ்'. மேக் வைத்திருப்பவர்கள் 'கெட் இன்ஃபோ' போய் 'ஓப்பன் வித்'-ல் தேர்ந்தெடுத்து 'சேஞ்ச் ஆல்' கொடுங்கள். 'ஆல்வேஸ்' என்றும் 'ஜஸ்ட் ஒன்ஸ்' என்றும் இரண்டு கேட்கும்போது நாம் அவசரத்தில் எதையோ அழுத்திவிடுகிறோம். நிச்சயம் இல்லையென்றால் 'ஜஸ்ட் ஒன்ஸ்' அழுத்துங்கள்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். என் அப்பா ரிட்டயர் ஆகி ஊரில் இருக்கிறார். பழைய பாட்டு என்றால் உயிர். அவருக்குப் பிடித்த ஒரு ரேடியோ ஆப் ப்ளே ஸ்டோரில் கிடைக்கவில்லை. நான் எங்கிருந்தோ அதன் ஏபிகே ஃபைலைப் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆண்ட்ராய்டில் ஏபிகே என்பது, விண்டோஸில் இஎக்ஸ்இ மாதிரி. 'இந்த வழியாக வரும் ஆப்பை நிறுவ அனுமதி இல்லை' என்று போன் தடுத்தது. ஊருக்குப் போயிருந்தபோது நானே செட்டிங்ஸில் அந்தத் தடையை எடுத்துவிட்டு, போட்டுக்கொடுத்தேன். பாட்டு வந்தது. அப்பாவுக்குச் சந்தோஷம். தடையைத் திரும்பப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்ஜினியர்.

சில மாதம் கழித்து அப்பாவின் பழைய நண்பர் ஒருவருடைய நம்பரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நண்பருக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறது. அப்பா திறந்தார். ஏதோ ஒரு ஆப் ஏறியது, மெசேஜைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். பத்திரிகை ஒன்றும் தெரியவில்லை. சரி, பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். வங்கியிலிருந்து வரும் ஓடிபி எல்லாம் அந்த ஆப் வழியாக வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. அன்று இரவு மூன்று தடவையாக 62,000 ரூபாய் போனது. நண்பர் அதை அனுப்பவே இல்லை. அவருடைய போனும் அதே மாதிரி மாட்டியிருந்தது.

அப்பா என்னிடம் சொல்லவில்லை. நாலாம் நாள் அம்மாதான் போனில், "உங்கப்பா சரியா சாப்பிடறதே இல்லப்பா, என்னன்னு கேளு" என்றார். கேட்டபிறகுதான் வந்தது. 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். பணம் அதற்குள் பல கை மாறியிருந்தது. திரும்ப வரவில்லை.

நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "அப்பா, பேர் கடைசில என்ன இருக்குன்னு பாக்கக் கூடாதா? பத்திரிகைன்னா பிடிஎஃப்பா இருக்கும், இல்ல போட்டோவா இருக்கும்."

அப்பா சொன்னார்: "பாத்தேன் தம்பி. ஏபிகேன்னு போட்டிருந்துச்சு. நீ அனுப்பினதும் அப்படித்தானே இருந்துச்சு."

எனக்குப் பேச்சு வரவில்லை. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் கண்ணுக்குத் தெரிந்த மாதிரி அப்பா கண்ணுக்கும் விகுதி தெரிந்தது. அவர் பார்த்தார், படித்தார், அது நம்பக்கூடியது என்று நினைத்தார். நம்பலாம் என்று கற்றுக்கொடுத்தவன் நான்.

இந்தக் கல்யாணப் பத்திரிகை மோசடியைப் பற்றி 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேச சைபர் போலீஸ் எச்சரிக்கை விடுத்தது. போக்குவரத்து அபராதம், அரசு உதவித் திட்டம் என்ற பெயர்களிலும் இதே ஏபிகே சுற்றுகிறது. வெளியூரில் இருக்கும் நாம் எல்லோரும் லீவில் ஊருக்குப் போனால் அப்பா அம்மா போனை வாங்கி ஏதாவது சரிசெய்து கொடுக்கிறோம். அப்போது இரண்டு காரியம் செய்யுங்கள். செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடுங்கள். வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் என்று வரிசையாக வரும். எதற்கெல்லாம் அனுமதி இருக்கிறதோ எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு ஆப் ஒவ்வொன்றையும் பார்த்து, எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி எதற்குக் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். பாட்டு ஆப்புக்கு எஸ்எம்எஸ் எதற்கு? பணம் போய்விட்டால் மணிக்கணக்கு பார்க்காமல் உடனே 1930. நாங்கள் நாலு நாள் கழித்துக் கூப்பிட்டோம்.

அப்பாவின் போனில் அந்த ரேடியோ ஆப்பையும் எடுத்துவிட்டேன். இப்போது பழைய டிரான்சிஸ்டரைத் தூசி தட்டி வைத்திருக்கிறார். அதற்கு அப்டேட்டும் தேவைப்படவில்லை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி வரை கம்ப்யூட்டர் லேபில் இருப்பேன். போனையோ லேப்டாப்பையோ கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். இப்போது செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னார்கள்.

இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்து அலமாரியில் ஒரு பழைய மலரின் சிடி கிடைத்திருக்கிறது. அச்சான பிரதி யாரிடமும் இல்லையாம். சிடியில் இருப்பது டாட் பி65, அதாவது பேஜ்மேக்கர் 6.5. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது, அதற்குப் பிறகு இல்லை. திறந்தாலும் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் எல்லாம் கொக்கி கொக்கியாகத்தான் தெரியும். அச்சகம் வைத்திருக்கும் அண்ணன்கள் யாராவது பேஜ்மேக்கர் ஓடுகிற பழைய கம்ப்யூட்டரைப் பரணில் போட்டு வைத்திருந்தால், எழுத்துருவோடு சேர்த்து, தயவுசெய்து இன்றைக்கே என்னிடமோ செயலாளரிடமோ சொல்லுங்கள்.